ஹாதர்லி ஹவுஸுக்குப் புகையில்லாமல் போவது எப்படி?

பயணம் போகிறவர்கள் ஓர் இனம். பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தார் பையைத் தூக்குவார்கள், போவார்கள், சளி பிடித்துத் திரும்பி வருவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாவது இனத்தில்தான் அண்மைக்காலமாக ஒரு புதுக் கிளை தழைத்திருக்கிறது. இந்தக் கிளைக்காரருக்கு மலைக்குப் போக வேண்டும், ஆனால் தாம் வந்து போனது மலைக்குத் தெரியக்கூடாது. வெள்ளைக்காரன் கட்டிய பழைய பங்களா ஹோட்டலில் தங்க வேண்டும், ஆனால் அங்கே குளிர் காய எரிக்கிற விறகு எந்த மரத்து விறகு என்று தெரிந்தாக வேண்டும். காற்றைக் கெடுக்காமல், ஓடையைக் கலக்காமல், ஒரு புல்லின் மனசைக்கூட நோகடிக்காமல் போய்வருவது எப்படி என்று மாதக்கணக்கில் யோசித்து, அத்தனை மாதமும் கூட இருக்கிறவர்களின் மனசை மட்டும் தாராளமாக நோகடிக்கிற இவருக்கு, பசுமைப் பயணத் திட்டக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கோயமுத்தூரில் இந்த இனம் மிகுதி. காரணம், மலை ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. காசிக்குப் போகிறவன் டிக்கெட் எடுத்தான், ஏறினான். மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலைக்குப் போவதற்குத்தான் ஐயா திட்டம் தேவைப்படும்!

இவரை அடையாளம் காண்பது எளிது. கல்யாணப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வைப்பார்கள் பாருங்கள், அதை இரண்டு விரலால் மெல்ல எதிர்வரிசைக்கு நகர்த்திவிட்டு, பக்கத்து இலைக்காரரைப் பார்த்து, "இது மண்ணுல மக்கறதுக்கு எத்தன வருசம் ஆகுமுன்னு தெரியுங்களா?" என்று கேட்பவர் எவரோ, அவரே அவர். பக்கத்து இலைக்காரர் அப்போதுதான் ஜிலேபியைக் கடித்திருப்பார். அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருக்காது. இருந்தாலும் அவர் தெரிந்துகொண்டுதான் எழுந்திருப்பார்.

நமக்குப் பழக்கமானவர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். வடவள்ளிப் பக்கம் குடியிருக்கும் மனோஜ்குமார். பிறந்தது கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில். பிழைப்பது கணபதியில், பம்புசெட்டுக்கு உதிரிபாகம் செய்கிற சொந்தப் பட்டறையில். நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இதைக் குணம் என்றுதான் ஊர் சொல்கிறது. வீட்டில் இதற்கு வேறு பெயர் இருந்தது.

அவர் மனைவி நித்யஸ்ரீ பட்டறையின் கணக்கையும் பார்த்து, வீட்டையும் பார்த்து, வந்தவர் போனவரையும் பார்த்து, மகளைச் சென்னையில் காலேஜ் விடுதியில் சேர்த்தும் முடித்தவர். கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருடம் வரப்போகிறது. ஒருநாள் பல் டாக்டரின் வரவேற்பறையில் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில் படம் ஒன்றைப் பார்த்தார். குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவுக்கு நடுவில், சிவப்புத் தகரக் கூரையும் கண்ணாடி வராந்தாவுமாக ஹாதர்லி ஹவுஸ் என்று ஒரு பங்களா. எந்தத் துரையோ எந்தக் காலத்திலோ கட்டியது, இப்போது ஹோட்டல். படத்தில் வராந்தாவில் ஓர் ஆள்கூட இல்லை. நித்யஸ்ரீக்குப் பிடித்துப்போனது அதுதான்.

"ஏனுங்க, இங்க ரெண்டு நாளு போய் இருக்கலாமுங்களா? நீங்களும் நானும் மட்டும்" என்று கேட்டார். "யாருக்கும் சோறு போடக் கூடாது. யாரும் என்னயக் கூப்புடக் கூடாது. இருபத்தஞ்சு வருசத்துல நான் வேற எதும் கேட்டதில்லீங்க."

உண்மைதான், கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் தேனிலவு என்று ஊட்டிக்குப் போனார்கள். ஒரு வேன் நிறையப் போனார்கள். மனோஜின் அக்கா, மாமா, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள், வாந்தி எடுக்கிற ஒரு சித்தி. புதுப்பெண் தாவரவியல் பூங்காவில் உட்கார்ந்து எல்லாருக்கும் புளிச்சோறு பரிமாறுகிற புகைப்படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. ஆகவே அந்த 'மட்டும்' என்ற சொல் நித்யஸ்ரீயின் வாயில் இருபத்தைந்து வருடம் ஊறிக் கிடந்து வெளியே வந்த சொல். மனோஜுக்கு அது புரிந்தது, கண்கூடக் கலங்கியது. "கண்டிப்பாப் போறோம் அம்மணி" என்றார். "ஆனா சும்மா எல்லாரையுமாட்டப் போகக் கூடாது. மலைய நாசம் பண்ணாமப் போவோணும். ஒரு திட்டம் போட்டுப்போடறேன்."

அங்கே ஆரம்பித்தது.

முதலில் போகிற வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் இருக்கிறது. ஆனால் அந்த நீராவி எஞ்சினில் எண்ணெய் எரிக்கிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டார். மனசாட்சி ஒப்பவில்லை. அரசுப் பேருந்து இருக்கிறது. அதில் மனசாட்சிக்கு ஒன்றும் தொந்தரவில்லை, முழங்காலுக்குத்தான் தொந்தரவு. இரண்டையும் தள்ளிவைத்து, வேறு வழி யோசித்துக்கொண்டிருக்கையில் சாமான் வாங்கத் தொடங்கினார். மூங்கில் பல்துலக்கி, தேங்காய் நார் முதுகு தேய்ப்பான், சணல் தொப்பி, மக்கிப்போகும் சோப்புப் பெட்டி, சூரிய ஒளியில் எரிகிற கைவிளக்கு. எல்லாம் இணையத்தில் வாங்கியவை. பல்துலக்கி ஓர் அட்டைப்பெட்டியில் வந்தது. அதற்குள் இன்னோர் அட்டைப்பெட்டி. அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் மெத்தை. அதற்குள் ராஜகுமாரி மாதிரி படுத்திருந்தது மூங்கில். தினம் ஒரு டெலிவரி வண்டி வாசலில் நின்று புகை விட்டுவிட்டுப் போயிற்று. பீரோவைத் திறந்தால் கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பைகள் சரிந்து விழுகிற வீட்டில், புதிதாக அரை டஜன் துணிப்பைகள் வந்து இறங்கின. அவற்றில் 'பூமி நம்முடையது' என்று அச்சடித்திருந்தது. தாம்பூலப் பையில் மாப்பிள்ளை பெண் பெயர்தானே இருக்கும்? அதைத் தூக்கிக்கொண்டு எப்படி மலை ஏறுவது?

அடுத்தது ஹோட்டல். ஹாதர்லி ஹவுஸின் மேலாளர் கிருபாசங்கர் பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்குப் போனில் வந்த சோதனையின் பெயர் மனோஜ்குமார்.

"உங்க குளியல் தண்ணி எங்கீங்க போகுது?"

"தோட்டத்துக்குப் போகுது சார்."

"போர்வையெல்லாம் தெனமும் தொவைக்கறீங்களா? தெனமும் தொவைக்காதீங்க. தண்ணி வீணு."

"நீங்க சொன்னா மட்டும் துவைக்கிறோம் சார்."

"இந்தத் தேயிலை எத்தன கிலோமீட்டர் தூரத்துல இருந்து வருதுங்க?"

"சன்னலைத் திறந்தா இலை உள்ள வந்துடும் சார்" என்றார் கிருபாசங்கர்.

இந்தப் பதிலில் திருப்தி அடைந்து யாராக இருந்தாலும் அறையைப் பதிவு செய்திருப்பார்கள். மனோஜ் செய்யவில்லை. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் நேரில் போய்ப் பார்க்காமல் முடிவு செய்யமாட்டோம். மாடு பிடித்தாலும் சரி, மாப்பிள்ளை பார்த்தாலும் சரி, மோட்டார் வாங்கினாலும் சரி. ஒருத்தர் மட்டும் போய்ப் பார்த்தால் அது பார்த்த கணக்கில் சேராது. கூட இரண்டு பேர் வேண்டும், அவர்கள் ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும், அந்தக் குறை தீர்ந்ததா என்று பார்க்க மறுபடியும் போக வேண்டும். பெண் பார்க்கப் போகிற அதே முறைப்படி மனோஜ் ஹோட்டல் பார்க்கப் போனார்.

கூடப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் பக்கத்து வீட்டுச் சசிதர். பீளமேட்டில் ஃபவுண்டரி வைத்திருக்கும் நாயுடு குடும்பத்துப் பிள்ளை, எந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாலும் முதலில் குழாயைத் திருகிப் பார்க்கிறவர். மற்றவர் பஷீர், கார் பட்டறை வைத்திருக்கிறவர், மலைப்பாதையில் இவரைத் தவிர யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்பது இவர் கருத்து. மூவரும் மனோஜின் பெரிய டீசல் காரில் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். கல்லாறில் பலாச்சுளை, பர்லியாறில் மங்குஸ்தான், ஹோட்டலில் மதியச் சாப்பாடு. மரத்தரையில் நடந்து பார்த்தார்கள்; சிங்கக்கால் வைத்த பழைய குளியல் தொட்டியில் சசிதர் இறங்கிப் படுத்தே பார்த்தார். விறகு சோலைக்காட்டு மரமல்ல, நட்டு வளர்த்த யூகலிப்டஸ் என்று தெரிந்து மனோஜ் நிம்மதி அடைந்தார். சசிதருக்கு மட்டும் ஒரு குறை. "வெந்நீரு வர நேரமாகுதுங்க மனோஜு. அதுக்குள்ள எவ்வளவு தண்ணி வீணாப் போகுது பாருங்க."

குறை என்று ஒன்று வந்துவிட்டால் மறுபடி போக வேண்டுமே. இரண்டாம் தடவை இன்னும் பசுமையாகப் போனார்கள், சசிதரின் புது மின்சாரக் காரில். புகையே இல்லை, சத்தமே இல்லை. ஆனால் நடு மலையில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்? அந்தப் பயத்துக்காகப் பின்னாலேயே டீசல் காரைப் பஷீர் காலியாக ஓட்டிவந்தார். புகையில்லாத வண்டி முன்னே போக, அதற்கும் சேர்த்துப் புகை விட்டுக்கொண்டு இன்னொரு வண்டி பின்னே வந்த அந்த ஊர்வலத்தை வழியில் குரங்குகள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தன.

மழைநீரைச் சேமிக்கிறோம் என்று கிருபாசங்கர் சொல்லியிருந்தார். மழை பெய்யும்போது பார்த்தால்தானே தெரியும்? ஆகவே மூன்றாம் தடவை மழைக்காலத்தில். அந்தத் தடவை மண் சரிந்து பாதை மூடியதால் ஒரு ராத்திரி அங்கேயே தங்கினார்கள். சமையல்காரருக்கு இவர்கள் மூவருக்கும் எவ்வளவு மிளகு வேண்டும் என்பதுகூடப் பழக்கமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விவரிப்பார் பாருங்கள், அதைக் கேட்க வேண்டும். காலையில் பனி எப்படி வராந்தா வரைக்கும் வந்து கண்ணாடியில் சாய்கிறது, கணப்பு எரியும்போது மரம் எப்படி மணக்கிறது, மணியடித்துச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், அந்த மணிக்கே நூறு வயசு இருக்கும் என்று எல்லாம் சொல்லி முடிப்பார். நித்யஸ்ரீ வெண்டைக்காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"நல்லா இருக்குதுங்களா?"

"நெம்ப நல்லா இருக்குது அம்மணி!"

"சரீங்க."

கொங்குநாட்டில் ஒரு பெண் 'சரீங்க' என்று சொன்னால் அது சம்மதமா, சாபமா என்று கண்டுபிடிக்க இருபத்தைந்து வருடக் குடித்தனம் போதாது. மனோஜ் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவர் மூன்று தடவை போய்வந்த அந்த இடத்துக்கு, போக வேண்டும் என்று கேட்டவர் இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கே அவர் பார்த்ததெல்லாம் அவளுக்காகத்தான். அவளுக்குக் குளிருமே என்று கம்பளியைத் தொட்டுப் பார்த்தார். அவளுக்குக் காலையில் வெயில் படுமா என்று கிழக்குப் பக்க மூலை அறையைத் தேர்ந்து வைத்தார். "எங்க ஊட்ல வருவாங்க, இந்த ரூமுதான் வேணுமுங்க" என்று கிருபாசங்கரிடம் மூன்று தடவையும் சொல்லிவிட்டு வந்தார். பிரியத்தில் குறைவே இல்லை. வண்டியில் இடம்தான் அவளுக்கு விட்டுப்போயிற்று.

ஒருவழியாகத் தேதி குறித்தாயிற்று. கல்யாண நாளை ஒட்டி வெள்ளி, சனி, ஞாயிறு. இந்த இடத்தில் எங்கள் ஊரின் இன்னொரு வழக்கத்தைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. நாங்கள் எங்கே போவதாக இருந்தாலும் வேண்டியவர்களிடம் சொல்லிக்கொள்வோம். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. "நீங்களும் வாங்க" என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மரியாதைக் குறைவு. கேட்டவர், "இருக்கட்டுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். கூப்பிடுவது மரியாதை, வராமல் இருப்பது பெருந்தன்மை. இதில் முதல் பாதி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. இரண்டாம் பாதி எப்போது செத்தது என்று தெரியவில்லை.

மனோஜ் கோபியில் இருக்கும் அக்கா மயிலாத்தாளுக்குப் போன் போட்டார், கல்யாண நாளுக்கு ஊரில் இருக்கமாட்டோம் என்று சொல்வதற்காக மட்டும்.

"குன்னூருக்குப் போறோமுங்க்கா. நீங்களும் மாமாவும் வரோணும்."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"நீ இத்தன தூரம் ஆசையாக் கூப்புட்ட பொறவு வராம இருந்தா நல்லாவா இருக்கும் கண்ணு?" என்றார் மயிலாத்தாள். "வாரோம். ஒப்புட்டு சுட்டு எடுத்தாரேன். அங்க சோறெல்லாம் எப்பிடி?"

"ஹோட்டல்லயே போடுவாங்க்கா."

"போடுவாங்க. நம்ம வாய்க்கு ஒப்போணுமல்ல? சின்ன அடுப்பு ஒண்ணு எடுத்துக்கறேன்."

அக்காவைக் கூப்பிட்டுவிட்டு, மூன்று தடவை கூட வந்த சசிதரைக் கூப்பிடாமல் இருப்பது எப்படி? கூப்பிட்டார். அவர் மனைவி, பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னார். சசிதரைக் கூப்பிட்டுவிட்டுப் பஷீரை விட்டால் அவர் மனசு என்ன பாடுபடும்? அவரும் குடும்பத்தோடு. 'ஹாதர்லி - புகையில்லாப் பயணம்' என்று வாட்ஸப்பில் ஒரு குழு. அதில் கணவனும் மனைவியும் மட்டும் இருந்த நாள் ஒன்று உண்டு. இப்போது அதில் யாரோ ஒருவர் தினமும் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ படம் போட்டார். அவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வேன் பேசியாயிற்று. இதை மனைவியிடம் சொல்கிற நேரம் வந்தபோதுகூட மனோஜுக்குச் சங்கடம் வரவில்லை. அவர் கையில் எக்செல் கணக்கு இருந்தது.

"நாம ரெண்டு பேரு மட்டும் ஒரு காருல போனா தலைக்கு எவ்வளவு பொகை? வேன்ல ஆளு ஏற ஏறத் தலைக்குப் பொகை கொறஞ்சுட்டே வருது அம்மணி. இன்னும் நாலு பேரு சேந்தா மலைக்கு நாம எதுவுமே பண்ணலைங்கற மாதிரி ஆயிருது."

நித்யஸ்ரீ இந்த விஞ்ஞானத்தைப் பொறுமையாகக் கேட்டார். "சரீங்க" என்றார். வெள்ளிக்கிழமை விடிந்தது. வாசலில் வேன். அதில் மயிலாத்தாளின் அடுப்பு, ஒப்புட்டுத் தூக்கு, சந்தகை பிழிகிற அச்சு, மலைத் தண்ணி ஒத்துக்கொள்ளாதே என்று கேன் கேனாகச் சிறுவாணித் தண்ணீர், சீட்டுக்கட்டு. சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் வேறு தண்ணீரைக் குடிக்க நேர்வதை எங்கள் ஊரில் ஒரு விபத்தாகத்தான் நினைப்போம். எல்லாரும் ஏறி, சன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு முடித்த பிறகு, நித்யஸ்ரீ வாசற்படியிலேயே நின்றார். செருப்பு போட்டிருக்கவில்லை.

"ஏனுங்க, நான் வரலைங்க. நீங்க போயிட்டு வாங்க."

"என்ன அம்மணி இது! உனக்காகத்தானே இத்தனையும்?"

"எனக்காகத்தாங்க. எல்லாரும் போயிட்டீங்கன்னா ஊடு சும்மா கெடக்கும். எனக்கு அது போதுமுங்க."

வேனுக்குள்ளிருந்து, "என்றா நேரமாவுது!" என்று மாமா செங்கோட்டையன் குரல் கொடுத்தார். இத்தனை பேரை உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்காரியோடு வாசலில் வாதாடுவது எப்படி? மனோஜ் ஏறிவிட்டார். ஏறக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. ஏறிவிட்டார்.

ஹாதர்லி ஹவுஸில் கிருபாசங்கர் வாசல் வரைக்கும் வந்து வரவேற்றார். வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க அவர் கண்கள் தேடிக்கொண்டே இருந்தன. கடைசியில் அடுப்பும் இறங்கியது.

"மேடம் எங்க சார்? மூலை ரூம் ரெடியா இருக்கு. காலைலயே கணப்பு போட்டு வச்சேன்."

மனோஜுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "வருவாங்க" என்றார். அந்த அறையில் அன்று ராத்திரி அவர் தனியாகப் படுத்தார். கம்பளி கதகதப்பாக இருந்தது. அது கதகதப்பாக இருப்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பக்கத்து அறையில் சீட்டாட்டம். வராந்தாவில் மயிலாத்தாள் அடுப்பு பற்றவைக்க, ஹோட்டல்காரர்கள் கெஞ்சி அணைத்தார்கள். டிவி இல்லை என்று பிள்ளைகள் அழுதார்கள். இதற்காகவா அவள் கேட்டாள், இதற்காகவா நான் இத்தனை மாதம் அலைந்தேன் என்று மனோஜ் விட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டார். உண்மையாகவே வெட்கப்பட்டார்; இந்த இனத்துக்கு அது வழக்கமில்லை என்பதால் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை, பட்டறையில் ஒரு அவசர சோலி என்று சொல்லிவிட்டுக் குன்னூர் பேருந்து நிலையத்துக்கு நடந்து, வருகிற முதல் பேருந்தில் ஏறிக் கீழே வந்தார். முழங்கால் இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வீடு திறந்துதான் இருந்தது. நித்யஸ்ரீ கூடத்தில் சோபாவில் கால் நீட்டிப் படுத்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் ஒரு பாத்திரமும் இல்லை. குழாய் சொட்டவில்லை. தெருவில்கூட யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவர் முகத்தில் இருந்த தெளிச்சியை மனோஜ் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

"வந்துட்டீங்களா?" என்றார் நித்யஸ்ரீ, எழுந்திருக்காமலே.

"வந்துட்டேன் கண்ணு. தப்பு எம் பேருலதான்."

"சரி, பேசாம சித்த நேரம் உக்காருங்க."

உட்கார்ந்தார். தரையிலேயே உட்கார்ந்து சோபாவில் சாய்ந்துகொண்டார். எங்கோ ஒரு குயில் கூவியது. நித்யஸ்ரீயின் கை அவர் தலைமேல் வந்து தங்கியது. இதுதான் அவள் கேட்டது, இவ்வளவுதான் கேட்டாள் என்று அவருக்கு முழுசாக விளங்கியது. மனசு நிறைந்தது.

இங்கேயே நான் கதையை நிறுத்தியிருப்பேன். ஆனால் மனசு நிறைந்தால் இந்த இனத்தார் என்ன செய்வார்கள்? யாருக்காவது சொல்வார்கள். மனைவியின் கை தலைமேல் இருக்கும்போதே மனோஜின் கை சட்டைப் பைக்குப் போனது. குழுவில் எழுதினார்: 'நண்பர்களே, நான் வீட்டில் இருக்கிறேன். பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, மலைக்கும் தொந்தரவில்லை. வீட்டிலேயே விடுமுறை! இதைவிடப் பசுமையான பயணம் உண்டா?' அதோடு நிறுத்தியிருக்கலாம். மரியாதை விடவில்லை. 'நீங்களும் வாருங்கள்' என்று சேர்த்து அனுப்பிவிட்டார்.

பதில் உடனே வந்தது. சசிதர்: 'நல்ல யோசனைங்க. இங்க குளிரு தாங்கல, வெந்நீரும் லேட்டுதான்.' பஷீர்: 'வண்டியத் திருப்பிட்டோம்ணா.' மயிலாத்தாள் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மனோஜ் அவசரத்தில் அதைத் தட்டிவிட, கூடம் முழுக்க அக்காவின் குரல் கேட்டது: "கண்ணு, மதியானத்துக்கு வந்தர்றோம். நித்யாவ ஒல மட்டும் வெக்கச் சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்."

தலைமேலிருந்த கை எடுபட்டது.

நித்யஸ்ரீ எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை, அதில் ஒரு சேலை, ஒரு சுவெட்டர், சீப்பு. அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆகியிருக்காது.

"ஏனுங்க, மேட்டுப்பாளையம் ரோட்டுல இருந்து குன்னூருக்கு எப்பவும் பஸ் இருக்குமல்லங்க?"

"இருக்கும் அம்மணி... எதுக்கு?"

"அந்த மூலை ரூமு நாளைக்கு வரைக்கும் நம்ம பேருலதானுங்க இருக்குது? அவங்கெல்லாம் எறங்கறாங்க. நான் ஏறறேன்."

மனோஜ் வாசல் வரைக்கும் பின்னாலேயே போனார். ஓர் ஆள், ஒரு பை, அரசுப் பேருந்து. இத்தனை மாதமாக இணையத்திலும் எக்செல்லிலும் மழையிலும் அவர் தேடியலைந்த புகையில்லாப் பயணம் செருப்பை மாட்டிக்கொண்டு கண் முன்னால் கேட்டைத் திறந்துகொண்டிருந்தது. 'நானும் வாரேன்' என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லியிருப்பார். ஆனால் உலை வைக்க வேண்டும். வீட்டுக்கு ஒறம்பரை வருகிறது, விருந்தாளிகளை அவர்தான் கூப்பிட்டிருக்கிறார். தவிர, நித்யஸ்ரீ கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி, "வாரேனுங்க" என்று மட்டும் சொன்னார். ஊரில் அத்தனை பேரையும் கூப்பிட்டவரை 'நீங்களும் வாங்க' என்று கூப்பிட அன்றைக்கு ஆளில்லை.

அன்று மதியம் பர்லியாறுக்கு மேலே ஏதோ ஒரு வளைவில் இறங்குகிற வேனும் ஏறுகிற பேருந்தும் ஒன்றையொன்று தாண்டியிருக்க வேண்டும். வேனில் பாட்டு சத்தமாகப் போயிருக்கும். பேருந்தில் சன்னலோரம் ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டிருந்திருப்பார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. நான் மனோஜ் இல்லை, என் வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் நடக்காது என்று நினைக்கிறீர்கள். நினைப்பதற்கென்ன, மனோஜும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. இதை வைத்துவிட்டு உள்ளே போய், அடுப்படியிலோ வேறெங்கோ இருக்கிற உங்கள் துணையிடம், "எங்கயாவது ரெண்டு நாள் போயிட்டு வரலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்க?" என்று பதில் கேள்வி வந்தால் நீங்கள் தப்பித்தீர்கள், பையை எடுங்கள்.

"யாரெல்லாம்?" என்று வந்தால், ஐயா, நாங்கள் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.